பிளக்கைத் தூக்கி எறியும் முன்

டவுன்ல வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம். எங்க ஊர்ல காலை ஆறரை மணிக்குள்ள பால் கேன் சொசைட்டிக்குப் போயாகணும். ஏழு மணிக்குப் போனா அளக்க ஆள் இருக்காது. ரெண்டு மாட்டுப் பால், பன்னிரண்டு லிட்டர், அன்னைக்கு உறை ஊத்த வேண்டியதுதான். அதனால நூறு ரூபாய் சாமான் ஒண்ணை நான் அடிக்கடி கவனிப்பேன். அதுதான் ஸ்பார்க் பிளக்.

என்னிடம் இருப்பது பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல். பால் கேன், புண்ணாக்கு மூட்டை, புல்லுக்கட்டு, பேரன் எல்லாம் அதில்தான். இந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது வழக்கமான அளவு. இன்ஜினுக்கு நல்லதுன்னு சிலர் தாராளமா ஊத்துவாங்க. அது முழுசா எரியாம பிளக் முனையில படியும். அப்புறம் எத்தனை உதை உதைச்சாலும் வண்டி இருமிக்கிட்டே நிக்கும்.

நெல்லு மஞ்சளடிச்சா உடனே யூரியா மூட்டையைப் பிரிக்க மாட்டோம். சத்துக் குறைவா, தண்ணி தேங்குதா, வேர்ல கோளாறான்னு பார்ப்போம். பிளக்கும் அப்படித்தான். கழட்டினதும் முனையைப் பாருங்க. இளம் பழுப்பா, சாம்பல் நிறமா இருந்தா இன்ஜின் நல்லா எரியுதுன்னு அர்த்தம். காய்ஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் அதிகம், காத்து குறைவு. முதல்ல ஏர் ஃபில்டரைப் பாருங்க. களத்துமேட்டுத் தூசியில ஓடுற வண்டிக்கு இது சகஜம். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் கூடிப்போச்சு. ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கா இருந்தா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கலாம். வெள்ளையா வெளுத்திருந்தா இன்ஜின் அளவுக்கு மேல சூடாகுது. காரணத்தைச் சரி பண்ணாம புது பிளக் மாட்டினா, அதுவும் சீக்கிரமே அதே கதிதான்.

கடையில "ஏதோ ஒரு பிளக் குடுங்க"ன்னு கேட்கக் கூடாது. வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற நம்பரையே கேளுங்க. என்ஜிகே பிளக்கில் வெப்பத்தைக் குறிக்கும் எண் கூடினால் அது 'குளிர்ந்த' பிளக், சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும். பாஷ் பிளக்கில் இது அப்படியே தலைகீழ். அதனால ஒரு கம்பெனி எண்ணை வச்சு இன்னொரு கம்பெனி பிளக் வாங்கினா தப்பாகிடும். மரையின் நீளமும் சரியா இருக்கணும். நீளம் கூடினா பிஸ்டன் வந்து இடிக்கும்.

மாட்டுறதுக்கும் முறை இருக்கு. இன்ஜின் ஆறின பிறகுதான் கழட்டணும். அதுக்கு முன்னாடி சுத்தியிருக்கிற மண்ணை ஊதி விடணும், இல்லேன்னா உள்ளே விழும். முனை இடைவெளி நிறைய சின்ன வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். எங்க பக்கத்து மெக்கானிக்குகள் ஆக்ஸா பிளேடின் முதுகை விட்டுப் பார்ப்பாங்க, அது ஏறக்குறைய அந்தக் கனம்தான். புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகிட்டு, பிறகு ஸ்பேனரால அரைச் சுத்து போதும். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி எடுத்த எடுப்புல ஸ்பேனரைப் போட்டு, கோணலா ஏத்தி முறுக்கிட்டான். இன்ஜின் ஹெட் அலுமினியம், மரை போச்சு. லேத்துப் பட்டறை வரைக்கும் போய் ஆயிரத்துக்கு மேல செலவு. நாலு நாள் பாலைத் தலைச்சுமையா கொண்டு போனாங்க.

நான் தண்ணி பாய்ச்சப் போற நாள்ல மருமகள்தான் பால் எடுத்துட்டுப் போகுது. அதுக்கும் இதெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன். வண்டியில ஒரு பழைய நல்ல பிளக்கும் ஸ்பேனரும் எப்பவும் துணியில சுத்திக் கிடக்கும். போன வாரம் அதுவே கழட்டிப் பார்த்துட்டு, "மாமா, பழுப்பாத்தான் இருக்கு, இப்ப மாத்த வேணாம்"னு சொல்லிட்டு மறுபடி மாட்டிடுச்சு. நானும் சரிம்மான்னுட்டு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.