பாரிஸில் ஓர் அடையாறு

பாரிஸ் நகரத்தில், ஈஃபிள் கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ராப் சதுக்கம் என்றொரு சின்ன முட்டுச்சந்து இருக்கிறது. அங்குள்ள அரங்கத்தின் பெயர் அடையார். மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுகள் பல அங்கே பதிவாகியிருக்கின்றன. உறையின் பின்பக்கம் 'சால் அடையார், பாரிஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரெஞ்சில் அடையார் என்ற பெயரிலேயே ஒரு பதிப்பகமும் உண்டு. சிட்னியில் அடையார் புக்‌ஷாப் என்ற புத்தகக் கடை நெடுங்காலம் நடந்தது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் வருகிற நம் அடையாறுதானா இதெல்லாம்? இந்தக் கேள்வியோடுதான் தேடத் தொடங்கினேன்.

அதேதான். கொண்டுபோனவர்கள் தியசாபிகல் சொசைட்டிக்காரர்கள். 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலானோர் தொடங்கிய சபை அது. 1879இல் பம்பாய்க்கு வந்தது. 1882இல் அடையாற்றின் தென்கரையில் ஒரு தோட்ட வீட்டை வாங்கிக் குடியேறியது. அந்த இடத்துக்கு ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அது ஒட்டவில்லை. 1886இல் ஆல்காட் அங்கே நிறுவிய நூலகத்துக்கே அடையாறு நூலகம் என்றுதான் பெயர் வைத்தார்.

தலைமையகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஊர்ப்பெயர் கடல் தாண்டிவிடாது. விடை 1895ஆம் ஆண்டில் கிடைத்தது. சபையினர் தங்கள் மறைகுருக்களாக நம்பிய மகாத்மாக்கள் அனுப்பியவை என்று சொல்லப்பட்ட கடிதங்களை ஜட்ஜ் தாமே எழுதினார் என்று குற்றச்சாட்டு எழுந்து, சண்டை முற்றியது. அந்த ஏப்ரலில் பாஸ்டனில் கூடிய அமெரிக்கக் கிளையினரில் பெரும்பாலோர் ஜட்ஜோடு தனியே பிரிந்தார்கள். பிரிந்தவர்களும் தியசாபிகல் சொசைட்டி என்ற பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் கலிபோர்னியாவின் பசடீனாவில் நிலைகொண்டார்கள். ஒரே பெயரில் இரண்டு சபைகள் இருந்தால் எதைச் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ஒன்று அடையாறு சபை, இன்னொன்று பசடீனா சபை என்றானது.

மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. சீனிவாச ஐயர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்; செம்மங்குடி என்றால் ஒருவர்தான். பெயருக்கு முன்னால் வந்து நின்ற ஊர், நாளடைவில் ஆளுக்கே பெயராகிவிடுகிறது. பாரிஸ் அரங்கத்திலும் 'தியசாபிகல்' உதிர்ந்து, அடையார் மட்டும் மிஞ்சியது.

இதே கதைதான் அடையாறு ஆனந்த பவன் இனிப்புக் கடையிலும். 1979இல் வண்ணாரப்பேட்டையில் தொடங்கியபோது அது ஸ்ரீ ஆனந்த பவன். அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் கடைகளுக்கா பஞ்சம்! 1988இல் அடையாறில் கடை வந்தபோது முன்னால் ஊர் சேர்ந்தது. அதன்பின் எந்த ஊரில் கிளை திறந்தாலும் அடையாறும் கூடவே போனது. நெடுஞ்சாலையில் பேருந்து நிற்கும் இடங்களில் அது 'ஏ2பி'யாகச் சுருங்கி, அடையாறு ஓர் எழுத்தாகிவிட்டது.

வடகரைக் கதை வேறு. அடையாறு கேட் ஓட்டல் இருந்தது டி.டி.கே. சாலையில். அடையாறு பூங்கா என்று மக்கள் சொல்லும் தொல்காப்பியப் பூங்கா ராஜா அண்ணாமலைபுரத்தில். இரண்டுமே ஆற்றுக்கு வடக்கே. இவற்றுக்கு மூலம் அடையாறு என்ற பேட்டை அல்ல, ஆறு. டி.டி.கே. சாலையின் பழைய பெயர் மௌப்ரேஸ் ரோடு. ஜார்ஜ் மௌப்ரே என்ற கும்பினி அதிகாரி 18ஆம் நூற்றாண்டில் வடகரையில் உருவாக்கிய தோட்ட மாளிகைக்குப் போகும் வழி அது. 1890இல் அந்த மாளிகையில் அடையாறு கிளப் வந்தது. 1963இல் மெட்ராஸ் கிளப்போடு இணைந்து பெயரை இழந்தது. ஓட்டலும் பார்க் ஷெரட்டன், கிரவுன் பிளாசா என்று பலகைகள் மாறி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது.

ஆற்றின் பெயரால் ஒரு போரும் உண்டு. 1746 அக்டோபரில், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் தலைமையில் வந்த சுமார் 10,000 பேர் கொண்ட படையை, பாரடி தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்த பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து வந்து சிதறடித்தது. அடையாற்றுப் போர் என்று ராணுவ வரலாற்று நூல்கள் இன்றும் அதைப் பேசுகின்றன. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படை எத்தனை பெரிய படையையும் வெல்லலாம் என்று இங்கேதான் தெரிந்தது. அடுத்த நூறாண்டு இந்தியாவின் விதியில் அதற்குப் பங்கு உண்டு.

தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியைச் சினிமாக்காரர்கள் 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்' என்றே சொல்லிவந்தார்கள். தரமணியை வெளியூர்க்காரர் அறியாத காலத்துப் பழக்கமாக இருக்க வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டின் கிராமங்களில் அடையாறு என்றால் ஆறோ இனிப்போ நினைவுக்கு வருவதில்லை. 'அடையாறுக்குப் போகச் சொல்லிட்டாங்க' என்றால், நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரிலோ, பெரும்பாலோர் கவனிக்காத மூன்று எழுத்துகள் இருக்கின்றன: டபிள்யூ.ஐ.ஏ. அவற்றைப் பின்தொடர்ந்தபோது, மீண்டும் தியசாபிகல் சொசைட்டியின் வாசலுக்கே வந்து சேர்ந்தேன். 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலானோர் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அந்தச் சங்கத்தை நடத்திய தலைவிகளில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல், அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் இளம் மருத்துவர் சாந்தாவும் பணியில் இருக்க, 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது.