குழந்தையின் நஷ்டஈடு யார் கையில்?

மோட்டார் விபத்தில் அடிபட்ட ஒரு குழந்தைக்கு நஷ்டஈடாக மூன்று லட்சமோ நான்கு லட்சமோ தீர்ப்பாகிறது. காயம் குழந்தையுடையது, ஆகவே பணமும் குழந்தையுடையதுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் செக்கைக் கொடுக்க முடியாதே! அப்படியானால் அதை யார் வைத்திருப்பது? தகப்பனாரா, கோர்ட்டா?

“பெற்றவனுக்கு இல்லாத அக்கறை ஜட்ஜுக்கு வந்துவிடுமா?” என்று நம் வீடுகளில் கேட்பார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டமும் தகப்பனையே முதற் காப்பாளன் என்கிறது. தாய்க்கு அவன் உயிரோடு இருக்கும்போதும் இடமுண்டு என்பதை 1999-ல் சுப்ரீம் கோர்ட் விளக்க வேண்டியிருந்தது. பணம் என்று வரும்போது மட்டும் சட்டம் இருவரையுமே முழுக்க நம்புவதில்லை. மைனருக்காக வழக்காடுகிறவர் கோர்ட்டின் அனுமதியின்றிப் பணம் வாங்கவும் கூடாது, சமரசம் பேசவும் கூடாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் கட்சிக்காரராக இருந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த நெறிகள் இன்னும் கண்டிப்பானவை. மைனரின் தொகை குறைந்தது வயது வரும் வரையிலாவது பாங்கியில் நீண்டகால டெபாசிட்டாகக் கிடக்க வேண்டும். அதன் மேல் கடன் கொடுக்கக் கூடாது. வட்டி மாதா மாதம் காப்பாளரிடம் போகலாம். வைத்தியத்துக்கோ அவசரத்துக்கோ வேண்டுமென்றால் மனுப் போட்டுக் கேட்கலாம்.

இந்தப் பூட்டின் நன்மை தீமை இரண்டையும் நான் அறிவேன். 2012-ல், எனக்குப் பத்து வயதில், ஒரு லாரி என் முழங்காலருகே எலும்பு வளரும் இடத்தில் இடித்தது. 2014-ல் தமிழ்நாட்டில் ஒரு டிரிபியூனல் தீர்ப்பளித்து, தொகை முழுவதையும் டெபாசிட்டில் போடச் சொன்னது. மறு வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. “பையன் பணம் சும்மாதானே கிடக்கிறது? இப்போது எடுத்துவிட்டுப் பிறகு போட்டால் போகிறது” என்று சித்தப்பா முதல் கொண்டு எல்லோரும் சொன்னார்கள். அப்பா நல்லவர், ஆனால் உறவினர் நாலு பேர் கூடிச் சொன்னால் மறுக்கத் தெரியாதவர். “கோர்ட் உத்தரவு இருக்கிறதே” என்ற ஒரே வார்த்தையால்தான் தப்பினார். பூட்டு என்பது கெட்ட தகப்பனுக்கு மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2016-ல் அதே பூட்டு எங்களுக்கு எதிராக நின்றது. கால் கோணி வளரத் தொடங்கிவிட்டது; உயரம் வளர்வது நிற்பதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு வாய்தாவுக்குக் காத்திராது. அப்பாவோ அதற்குள் வேலை மாற்றலில் ஜாம்ஷெட்பூர் வந்துவிட்டார். மனுவுக்காக மூன்று முறை ஒன்றரை நாள் ரயிலில் போய் வந்தார். உத்தரவு வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்கு முன்பே மாதம் இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி ஆபரேஷனை முடித்துவிட்டோம். கணக்குப் பாருங்கள்: என் லட்சத்துக்கு பாங்கி வருஷத்தில் கொடுத்த வட்டி ஒன்பதாயிரத்துக்கும் குறைவு, அப்பா கடனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 24,000. இப்படி யந்திரம்போல் நெறிகளைப் பின்பற்றி மக்களை அலைக்கழிக்கக் கூடாது என்று 2012-லேயே சுப்ரீம் கோர்ட் கண்டித்திருந்தது. கண்டனம் எங்கள் டிரிபியூனல் வரை வந்து சேரவில்லை போலும்.

பூட்டையே உடைத்துவிடலாம் என்பது என் கட்சியல்ல. தீர்ப்பிலேயே வழி இருக்கிறது. 2013-ல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு சுப்ரீம் கோர்ட் கொடுத்த ரூ. 3,75,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 3,00,000. ஆஸ்பத்திரி நாட்களில் பெற்றோருக்கு ஏற்பட்ட கஷ்டத்துக்கும் வருமான இழப்புக்கும் 25,000. ஆன வைத்தியச் செலவுக்கு 25,000. இனி ஆகப்போகும் வைத்தியத்துக்கு 25,000. தொகை பிரிந்தே வருகிறது. பாங்கிக்குள் போகும்போதுதான் ஒன்றாகிவிடுகிறது. பெற்றோர் ஏற்கெனவே செலவழித்ததை அவர்களிடம் உடனே கொடுத்துவிடலாம். இனி வரும் வைத்தியத்துக்கென்று ஒதுக்கியதை, டாக்டர் சீட்டைக் காட்டினால் பாங்கி நேரே ஆஸ்பத்திரிக்குச் செலுத்தட்டும்; தகப்பனார் வருஷம் ஒருமுறை கணக்குக் காட்டட்டும். ஊனத்துக்கென்று வந்ததைத்தான் யாரும் தொடக் கூடாது, தகப்பனார் உட்பட. ஒதுக்கிய தொகை போதாமல் போனால் என்ன செய்வது? அப்போது மனுப் போடலாம். ஆனால் அதற்குப் பதினைந்து நாளில் பதில் வர வேண்டும்.

இன்னொன்று. யார் காப்பாளர் என்று தீர்மானிக்கும்போது, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கோர்ட் கவனிக்கலாம் என்று 1890-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. பணத்தைப் பற்றி மட்டும் பிள்ளையிடம் யாரும் மூச்சுவிடுவதில்லை. பதினாலு வயதில் என் கால் எவ்வளவு கோணியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்; என் பேரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. 2020-ல் வயது வந்து பாஸ்புத்தகத்தைக் கையில் வாங்கியபோதுதான் முதன்முதலாகத் தொகையைப் பார்த்தேன். அப்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், ஆபரேஷன் கடனில் பாக்கியிருந்ததை அதிலிருந்துதான் அடைத்தேன்.