அப்பாவின் வாட்சும் நான்கு இலக்க எண்ணும்

வேடசந்தூரில் அந்த வீட்டில் தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு காரியம் நடக்கும். அடுப்பில் பால் ஏறும். சாமி அலமாரியில் இருக்கும் எச்.எம்.டி. ஜனதா வாட்சுக்கு அம்மா சாவி கொடுப்பார். நூற்பாலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் அப்பா செய்துவந்த வேலை அது. அவர் போன பிறகு அம்மா எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் வாட்ச் கை தவறித் தரையில் விழுந்தது. சாவி ஏறியது, முள் நகரவில்லை. "விடும்மா, பழசுதானே" என்றார் மகள். அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் காலை அலமாரி முன்னால் அம்மா சும்மா நிற்பதைப் பார்த்ததும், மகள் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

முதல் கடையில் ஒரே நிமிஷம்தான். "இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுக்கா. மிஷினைக் கழட்டிட்டு பேட்டரி மிஷின் போட்டுரலாம். வெளியே பார்த்தா அதே வாட்ச்தான்."

சரி என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பேட்டரி வாட்சுக்கு அம்மா எப்படிச் சாவி கொடுப்பார்?

மணிக்கூண்டுப் பக்கம் சின்னக் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனார். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"ஜனதா வாட்சுங்கய்யா."

"அது டயல்ல இருக்கிற பேரும்மா. அதை வச்சு ஸ்பேர் தேட முடியாது. மிஷின் நம்பர் வேணும்."

மூடியின் மேல் இருந்த எண்ணை மகள் காட்டினார். "அது கூட்டோட நம்பர். இங்கே பாருங்க" என்று லென்ஸை நீட்டினார் பெரியவர். உள்ளே, மிஷின் மேலேயே பொறித்திருந்தது: 0231.

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் 17 கல் வைத்த 0231. ஜனதா, பைலட், கோஹினூர் என்று பெயர் பல. உள்ளே ஓடியது இதே மிஷின். அதனால் ஜனதாவின் உதிரியை பைலட்டிலும் தேடலாம். அதேபோல, ஒரே பெயருள்ள இரண்டு வாட்சில் வேறு வேறு மிஷின் இருக்கவும் கூடும். பூட்டு செய்யும் ஊருக்கு இது புதிதில்லை. வெளியே ஒன்றுபோல இருந்தாலும் பூட்டின் உள்ளமைப்புக்குத்தான் சாவி சேரும்.

விழுந்ததில் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை உடைந்திருந்தது. தலைமுடி போல மெல்லியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது உதிரி வருவது பழைய இருப்பிலிருந்தும், ஓடாத வாட்சுகளிலிருந்தும்தான். பெரியவர் தகர டப்பாவைக் கிளறி, டயல் துருப்பிடித்த ஒரு பைலட்டை எடுத்துத் திறந்தார். 0231.

"முகம் போயிருச்சு. பேலன்ஸ் நல்லாத்தான் இருக்கு."

வீட்டில் பழைய வாட்ச் இருந்தால், மூடியைத் திறக்கச் சொல்லி மிஷினை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் தெரியும் முன் மிஷினை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து, காலை ஆறு மணி. அம்மா சாவி கொடுத்து, காதில் வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் முந்தி இருக்கேம்மா, சரி பண்ணட்டுமா?" என்றார் மகள்.

"வேண்டாம். ஷிப்ட் தவறக் கூடாதுன்னு உங்கப்பாவும் இப்படித்தான் வச்சிருப்பாரு."