கை பட்ட பந்து

நிவர் புயல் கரையைக் கடந்த ராத்திரி நாங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம். 2020 நவம்பர் 25. உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கள் காலனி ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. எந்தச் சேரி மேட்டில் இருக்கிறது? மழை வலுத்தால் பாய், தலையணை, ரேஷன் கார்டு, ஆட்டுக்குட்டி சகிதம் பள்ளிக்கூடத்துக்குப் போவது எங்கள் சனத்துக்குப் பழகிப்போன காரியம். கரண்ட் இல்லை. செல்போனில் உயிர் இருந்தது ஒன்றிரண்டு பேருக்குத்தான். பத்து மணிக்கு மேல் என் போனுக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு தோழர் சேதி அனுப்பினார். படித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்: "சித்தப்பா, மாரடோனா செத்துட்டாராம்."

இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சித்தப்பா குரல் மட்டும் வந்தது. "இன்னாடா சொல்ற? என்னைவிட ஒம்போது வருஷம்தான் பெரியவன்டா அவன்." கோல்கீப்பர் மாமா மூலையிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு பேர். புயல் காற்று ஓட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்க, ஐம்பதைத் தாண்டிய நாலு ஆம்பிளைகள் 1986 ஜூன் 22ஆம் தேதி ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. ராமாயணம், பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அர்ஜென்டினா, இங்கிலாந்து கால் இறுதி ஆட்டம் கேட்டு வளர்ந்தவன்.

காலனிக்குக் கால்பந்து எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பிழைக்கப் போய் வியாசர்பாடி, புளியந்தோப்பில் தங்கிவிட்டவர்கள். லீவுக்குப் போன சித்தப்பா அங்கேயுள்ள பையன்களோடு ஆடக் கற்றுக்கொண்டு வந்தார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே வாங்கின பழைய தோல் பந்து ஒன்று வந்தது. தையல் விட்டால் தாத்தாதான் தைப்பார், பறைக்கு வார் கட்டுகிற கையால். கோடையில் ஏரி வற்றினால் ஏரி உள்வாய்தான் மைதானம். ஊர்ப்பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அதற்கு மட்டை வேண்டும், ஸ்டம்ப் வேண்டும். எங்களுக்கு ஒரு பந்தும் இரண்டு பக்கமும் வைக்க நாலு கல்லும் போதும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாயத்து டிவி ஊர்த்தெருவில் கோயிலுக்கு எதிர்க்கட்டிடத்தில் இருந்தது. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போட்ட கறுப்பு வெள்ளை டிவி. பஞ்சாயத்து டிவி என்றால் அரசாங்கச் சொத்து, எல்லாருக்கும் பொது என்றுதான் பேர். ஊர்க்காரர்களுக்குத் திண்ணையும் கூடமும். நம்மவர்களுக்குச் சாக்கடைக்கு இந்தப்பக்கம், தெருமண். சாயங்காலம் சினிமா பார்க்க வந்த பெண்கள் படம் முடிந்ததும் போய்விட்டார்கள். சித்தப்பாவும் கூட்டாளிகளும் போகவில்லை. மெக்சிகோவில் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஆரம்பித்த ஆட்டம் நமக்கு ராத்திரி பதினொன்றரை. அந்நேரத்துக்கு ஊர்ப்பக்கம் பத்துப் பதினைந்து பேர், இந்தப்பக்கம் ஆறு பேர்.

அஸ்டெக்கா மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலே சனம். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கி ஆறு நிமிஷம். மாரடோனா பந்தைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடுகிறார். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் உதைத்த பந்து எக்கித் தங்கள் கோல்பக்கமே போகிறது. கீப்பர் பீட்டர் ஷில்டன் எகிறுகிறார். அவரைவிடக் குள்ளமான மாரடோனாவும் எகிறுகிறார். பந்து வலைக்குள். சாக்கடைக்கு இந்தப்பக்கத்திலிருந்து கோல்கீப்பர் மாமா கத்தினார்: "கை! கையால அடிச்சிட்டான்டா!"

திண்ணையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து, "உனக்கு இன்னாடா தெரியும் அங்கருந்து?" என்றாராம். மறுபடி மறுபடி போட்டுக் காட்டினபோது மாமா சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது மாமாவுக்கு இன்றைக்கும் குரல் உயர்ந்துவிடும். "முப்பதடி தூரத்துலருந்து, அந்த மங்கல் டிவியில, நான் பாத்தன்டா. பக்கத்துல நின்ன ரெஃபரி பாக்கல."

நாலு நிமிஷத்தில் அடுத்த கோல். மைதானத்தின் தன் பாதியிலேயே பந்தை வாங்கிப் பத்துப் பதினோரு விநாடியில் பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் என்று ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் ஷில்டனையும் ஏமாற்றிப் போட்டது. இந்த இடம் வந்தால் சித்தப்பா உட்கார்ந்திருக்கமாட்டார். பள்ளிக்கூடத்து இருட்டிலும் எழுந்து, படுத்திருந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிக் காட்டினார். "அவ்ளோதான். ரெண்டு பூஜ்யம்," என்று முடித்தார்.

எப்போதும் அங்கேதான் முடிப்பார். சின்ன வயசில் நானும் அப்படித்தான் நம்பினேன். சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது ஹாஸ்டலில் ஒருநாள் பேச்சு வந்தது. இரண்டுக்குப் பூஜ்யம் என்று அடித்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். 2-1. எண்பத்தோராம் நிமிஷத்தில் இங்கிலாந்தின் கேரி லினேக்கர் ஒரு கோல் போட்டிருக்கிறார். ஊருக்கு வந்தபோது சித்தப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆயாதான் சொல்லிற்று.

இரண்டாவது கோல் விழுந்ததும் சித்தப்பா சாக்கடையைத் தாண்டித் திண்ணையில் ஏறிவிட்டார். வயசு பதினேழு. ஏறினவர் அங்கே ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையனைக் கட்டிப்பிடித்திருக்கிறார். இருவரும் ஒரே வகுப்பு. அவனும் எழுந்து கட்டிப்பிடித்துக் குதித்தான். எத்தனை விநாடி? மாரடோனா ஓடின அளவுகூட இருந்திருக்காது. பிறகு யாரோ சித்தப்பாவின் முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினார்கள். ஆறு பேரும் காலனிக்கு ஓடிவந்தார்கள். அதனால்தான் அவர்கள் லினேக்கர் கோலைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் கோயில் முன்னால் பஞ்சாயத்து. தாத்தா ஊருக்கு வெட்டியான். பையன் கை யார்மேல் பட்டது, எந்தத் தோளில் பட்டது, திண்ணையில் கால் எந்த இடத்தில் பட்டது என்றெல்லாம் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. கூலியை நெல்லாக அளந்து வாங்கின அந்தக் காலத்தில் 101 ரூபாய் அபராதம். கழுவிவிடத் தண்ணீர். தாத்தா தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்தப் பையனையும் கேட்டார்கள். "அவன்தான் வந்து புட்சான்," என்றான். பொய் இல்லை. தானும் பிடித்ததை அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றோடு காலனிக்கு டிவி இல்லை. சித்தப்பா பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

ஆயா இதைச் சொல்லிவிட்டு, "பந்தாட்டம் பாக்கப் போனதுக்காடா என் ஊட்டுக்காரரு உழுந்தாரு?" என்று கேட்டது. தாத்தா அப்போது உயிரோடு இல்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். நடுவர் துனிசியாவைச் சேர்ந்த அலி பென்னசூர். கோட்டு நடுவர் பல்கேரியாவைச் சேர்ந்த போக்தான் தோச்செவ். ஒருவர் கண்ணிலும் அந்த இடதுகை படவில்லை, அல்லது பட்டும் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி விட்டுவிட்டார்கள். கொஞ்சம் தன் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்று மாரடோனா சொன்னது உலகப் பழமொழியாகிவிட்டது. 2015இல் துனிசியாவுக்குப் போய் அந்த நடுவரைப் பார்த்துச் சட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2022 மே மாதம் மாரடோனா அன்று போட்டிருந்த சட்டை லண்டன் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதே வருஷம் நவம்பரில் பென்னசூர் வைத்திருந்த பந்து 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. தோல் இல்லாமல் முழுக்கச் செயற்கைப் பொருளில் செய்த முதல் உலகக் கோப்பைப் பந்து அது. ஆனாலும் கையால் தைத்தது. நம் நாட்டில் ஜலந்தரில் வீட்டில் உட்கார்ந்து பந்து தைக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பந்துமேல் எங்கள் கை படுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

புயலடித்து இரண்டு வாரத்தில், 2020 டிசம்பர் 10இல், தில்லியில் புதிய பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகச் சொன்னார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை. எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி ஜனநாயகத்தின் தொட்டில் என்பார்கள். நான் தமிழ் படித்தவன், பாடமாகவே படித்திருக்கிறேன். கால்வேலிக்கு மேல் இறைநிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். யார் யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கீழோரோடு சேர்ந்து தீட்டுப்பட்டவனும் ஒருவன், பிராயச்சித்தம் செய்கிறவரைக்கும். கோயில் முன்னால் 101 ரூபாய் கட்டினது நினைவுக்கு வந்தது.

ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் குடைந்தது. எங்கள் ஆட்கள் ஏன் அர்ஜென்டினா பக்கம்? வெள்ளைக்காரன் நம்மை ஆண்டான், அதனால் அவன் தோற்கட்டும் என்பது ஊர்த்தெருக்காரர்களின் நியாயம். எங்கள் மாவட்டத்துத் தலித்துக்கு அவ்வளவு லேசாக அது வராது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமையைப் பற்றி எழுதின அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. சுதந்திரம் வந்தபிறகு அந்த நிலத்தைக் கேட்டுத்தான் காரணையில் 1994இல் போராடினோம். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

மால்வினாஸ் தீவுகளுக்காக 1982இல் நடந்த சண்டையில் 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷ்காரர்களும் செத்த விவரமும் அன்றைக்குச் சித்தப்பாவுக்குத் தெரியாது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை மிருகங்கள் என்று சொன்னதும் தெரியாது. நான்தான் பிற்பாடு சொன்னேன். "மிருகம்னானா?" என்று கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். மாரடோனா பிறந்து வளர்ந்த வில்லா ஃபியோரித்தோ குழாய்த்தண்ணீர் இல்லாத குடிசைப்பகுதி. கிராமத்திலிருந்து பிழைக்க வந்த கறுத்த சனங்களை அங்கே 'கறுந்தலை' என்று ஏசுவார்கள். இதெல்லாம் தெரியாமலே, "குள்ளமா, கருப்பா, சுருட்ட முடியோட நம்ம பையனாட்டம் இருந்தான்," என்பதுதான் சித்தப்பா சொல்கிற காரணம். எனக்கு அது போதும்.

திண்ணைப் பையனுக்கு இப்போது ரைஸ் மில் இருக்கிறது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "இன்னாடா மாரடோனா" என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறார். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே குடிக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. ஒருதரம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு அவனும்தான்டா என்னைக் கட்டிப்புட்சான். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்," என்றார். மேலே எனக்குப் பேச வரவில்லை. நான் மன்னிக்கவில்லை. தாத்தா விழுந்த இடத்தில் இப்போது சிமெண்ட் ரோடு போட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் முழு ஆட்டத்தையும் போனில் இறக்கி, கட்டாயப்படுத்தி உட்காரவைத்துக் காட்டினேன். கோல்கீப்பர் மாமாவும் வந்தார். இரண்டாவது கோல் முடிந்ததும் சித்தப்பா எழுந்தார். "இருங்க, இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு," என்றேன். எழுபத்துநாலாம் நிமிஷத்தில் இங்கிலாந்துக்கு மாற்று ஆளாக ஜான் பார்ன்ஸ் இறங்கினார். ஜமைக்காவில் பிறந்த கறுப்பர். இடது ஓரத்தில் ஆளைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தூக்கிப் போட, லினேக்கர் தலையால் முட்டினார். 2-1. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே ஓரம், அதே பார்ன்ஸ், அதே மாதிரி பந்து. லினேக்கர் வலைக்குள் போய் விழுந்தார், பந்து போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்து மைதானத்திலேயே அவர்மேல் வாழைப்பழம் எறிந்தார்கள் என்று சொன்னேன். பழத்தைக் குதிகாலால் தட்டிவிட்டு ஆடினார் என்றும் சொன்னேன்.

சித்தப்பா போனைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இப்படி ஒருத்தன் அவங்க பக்கமும் ஆடினானா?" என்றார். "நாம பாக்காம பூட்டமேடா."

மாமா, "மறுபடி போடுடா, அந்த கறுப்புப் பையன் வர்ற எடத்துலருந்து," என்றார்.