சூறை

வட இத்தாலியில், தூரின் நகருக்கு அருகே இவ்ரேயா என்றோர் ஊர் இருக்கிறது. தட்டச்சுப் பொறிகளுக்குப் பெயர்பெற்ற ஒலிவெட்டி நிறுவனம் 1908இல் தோன்றிய ஊர் என்றால் பழைய அலுவலகவாசிகள் சிலருக்கு நினைவு வரலாம். கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஆகிய மூன்று நாள்களும் அங்கே ஆரஞ்சுப் போர் நடக்கிறது. குதிரை வண்டிகளின்மேல் கொடுங்கோலனின் வீரர்களாகத் தலைக்கவசம் தரித்தோர். கீழே, கவசமின்றி, குடிமக்களாக ஒன்பது அணியினர். எறிபடை ஆரஞ்சுப் பழம். அது அவ்வூரில் விளைவதன்று. தெற்கிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. தன்னைக் கவர முயன்ற கொடுங்கோலனின் தலையை வியோலெட்டா என்னும் மாவாலைக்காரர் மகள் கொய்தாள், ஊர் கிளர்ந்தெழுந்தது என்பது கதை.

என் மனம் தங்கியது ஆரஞ்சில் அன்று, அவரையில். பிரபு ஆண்டுக்கு இருமுறை ஏழைகளுக்கு ஒரு பானை அவரைப் பயறு அளந்தாராம். அந்தப் பிச்சையை இகழ்ந்து மக்கள் அதை வீதியில் வீசினார்களாம். போரின் வேர் அதுவே என்று ஊரார் சொல்வதுண்டு. இன்றைய விழாவில் அதே அவரை பெருங்கொப்பரைகளில் வெந்து எல்லோருக்கும் வழங்கப்படுகிறது.

நம் இலக்கியம் பூசலை விளையாட்டாக்கும்போது கையில் எடுப்பது வேறு. பரிபாடலின் வையைப் புனலாட்டில் சிவிறியால் நிறநீரைப் பீச்சுகிறார்கள். செயங்கொண்டாரிடமோ எல்லாம் தலைகீழ். போர்க்களமே அடுக்களையாகிப் பேய்கள் கூழ் அடுகின்றன. தாளவாடியை அடுத்த கும்டாபுரத்தில், தீபாவளிக்குப் பின் பீரேஸ்வரர் கோயில் விழாவில் ஒருவர்மேல் ஒருவர் எறிவது சாணம். அதுவும் பிறகு வயலுக்கு உரமாகிவிடும்.

பழத்தை எறியும் ஊரும் நம்மிடம் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியில், சோலைமலை அழகர்பெருமாள் கோயிலில், தை மூன்றாம் நாள் வாழைப்பழச் சூறை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாகப் பழம் கொணர்ந்து கூட்டத்தின்மீது வீசுகிறார்கள். கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கிறது. சூறை என்றால் கொள்ளை, சுழற்காற்றும்கூட. வெட்சித்திணையில் கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும் துறைக்குப் பாதீடு என்று பெயர். சேவுகம்பட்டியில் கொள்ளையும் பாதீடும் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. அங்கே கடன்பட்டவர் எறிபவரே. பிடித்து உண்பவர் அவருடைய நேர்த்திக்கடனைத் தீர்த்து வைக்கிறார். அதனால் தரையில் விழுந்ததைக் குனிந்து பொறுக்கினாலும் தலை தாழ்வதில்லை.

அந்தக் கணக்கு மாறிப்போவதைப் புழலில் பார்த்தேன். 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்காலளவு நீர். செங்குன்றம் பக்கமிருந்து வந்த ஒரு லாரியின்மேல் நின்றபடி சில இளைஞர்கள் உணவுப் பொட்டலங்களை வீசினார்கள். வலுத்த கைகள் பிடித்தன. எதிர்வீட்டு மூதாட்டிக்கென்று வீசியது அவர் காலடி நீரில் விழுந்தது.

"தூக்கிப் போடாத கண்ணு. எறங்கி வந்து கைல குடு" என்றார்.

"எறங்குனா கூட்டம் சேந்துடும் ஆயா."

அந்த இளைஞன் சொன்னதில் பொய்யில்லை. அவனைக் குறைகூற எனக்கு மனமும் இல்லை; இடுப்பளவு நீரைக் கடந்து வேறெவர் வந்தார்கள்? ஆனால் இவ்ரேயாவில் அந்தப் பயற்றை ஏன் வீசியிருப்பார்கள் என்று அந்தக் கிழவியிடம் கேட்டிருந்தால், கதை தெரியாமலேயே சொல்லியிருப்பார்.

லாரி அடுத்த தெருவுக்குப் போயிற்று. மூதாட்டி குனிந்து பொட்டலத்தை எடுத்தார். உறை கிழியவில்லை. முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, எங்கள் மாடிப்படியில் அமர்ந்திருந்த மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். தமக்கென ஒரு பிடியும் வைத்துக்கொள்ளவில்லை.