அத்தையோட மூச்சு மாத்திரை

இன்னிக்கு மே 5. உலக பல்மோனரி ஹைப்பர்டென்ஷன் தினம். பேரைப் பார்த்ததும் தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. இது எங்க அத்தையோட கதை. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். "என் பேரை மட்டும் போடாத தம்பி, மத்ததெல்லாம் எழுது"ன்னு உத்தரவு. இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

அத்தைக்கு வீடு உறையூர். பூ கட்டுறவங்க. விடியறதுக்கு முன்னாடி மாமா போய் உதிரிப்பூ எடுத்துட்டு வருவார். திண்ணையில நாலு பேர் உட்கார்ந்து கட்டுவாங்க. வெள்ளிக்கிழமைன்னா வெக்காளி அம்மன் கோயில் பக்கம் கூடையோட போய் வித்துட்டு வருவாங்க.

நாற்பத்தெட்டு வயசுல அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. முதல்ல மாடிப்படியில. அப்புறம் கூடையைத் தூக்கினா. அப்புறம் சும்மா நடந்தாலே.

என்கிட்ட சொன்னாங்க. நான் எம்பிபிஎஸ். அரசு மருத்துவமனையில கேஷுவால்டி பார்க்கிற சாதாரண டாக்டர். குடும்பத்துல முதல் டாக்டர். ரத்தம் பார்த்தேன், ஹீமோகுளோபின் 9.2. "ரத்தசோகைதான் அத்தை"ன்னு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மூணு மாசத்துல 11.5 ஆச்சு. மூச்சு வாங்குறது மட்டும் குறையல.

அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? "நான் சொன்ன காரணம் தப்பு போல"ன்னு யோசிச்சிருக்கணும். பண்ணல. "வெயிட் போட்டுடுச்சு, மெனோபாஸ் வேற, நடந்தா சரியாயிடும்"னு சொன்னேன். பிபி பார்த்தேன், 120/80. நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேட்டேன், நுரையீரல் சுத்தம். ஒரு ஈசிஜி கூட எடுத்தேன். மாரடைப்பு இல்லைன்னு பார்த்துட்டு மடிச்சு வெச்சுட்டேன். இதயத்தோட வலது பக்கம் திணறுதுங்கிறது அந்தப் பேப்பர்லயே இருந்திருக்கு. நான் அதைத் தேடல, அதனால தெரியல.

அத்தை என்னை நம்பி ஒரு வருஷம் போச்சு. நடுவுல வெக்காளி அம்மனுக்கும் ஒரு சீட்டு எழுதிச் சூலத்துல கட்டிட்டு வந்திருக்காங்க. அங்கே குறையைப் பேப்பர்ல எழுதிக் கட்டுற வழக்கம் உண்டு. அதுல என்ன எழுதினாங்கன்னு பின்னாடி கேட்டேன். "மூச்சு வாங்குது, தம்பிக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, நீ காட்டிக் குடு"ன்னு எழுதினாங்களாம்!

ஒரு நாள் கூடையோட படி ஏறும்போது மயங்கி விழுந்தாங்க. அதுக்கப்புறம்தான் எக்கோ எடுத்தோம். வலது கீழறை வீங்கிக் கிடந்தது. நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் 75ன்னு கணிப்பு.

இங்க ஒரு நிமிஷம் விளக்கிடறேன்.

நம்ம இதயம் ஒரே பம்ப் இல்ல, ரெண்டு. இடது பம்ப் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது. கையில பட்டை கட்டிப் பார்க்கிற பிபி அந்தப் பக்கத்துக் கணக்கு. வலது பம்ப் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புது. அங்க அழுத்தம் ரொம்பக் குறைவு, சராசரி 14 மி.மீ. பாதரசம் அளவுதான். 20ஐத் தாண்டினா பல்மோனரி ஹைப்பர்டென்ஷன். முன்னாடி 25ன்னு வெச்சிருந்தாங்க, இப்ப வரம்பைக் குறைச்சுட்டாங்க.

கையில பார்த்த பிபி நார்மலா இருந்தாலும் இந்த பிபி எகிறிக் கிடக்கலாம். ரெண்டும் வேற வேற.

உய்யக்கொண்டான் வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சா என்ன ஆகும்? தண்ணி பின்பக்கமா ஏறி நிக்கும். அதே கதைதான். நுரையீரல் குழாய் சுருங்கினா வலது பம்ப் முக்கி முக்கி வீங்குது. காலு வீங்குது, வயிறு உப்புது, படி ஏறினா கண் இருட்டுது.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. கேரளாவுல 50 மருத்துவமனைகள் சேர்ந்து சுமார் 2000 நோயாளிகளைப் பதிவு பண்ணினாங்க. பாதிக்கு மேல இடது பக்க இதய நோயால வந்தது. நம்ம ஊர்ல சின்ன வயசு மூட்டுக்காய்ச்சல்ல வால்வு சுருங்கினவங்க, பிறவி ஓட்டையைக் கவனிக்காம விட்டவங்க, புகையில நுரையீரல் கெட்டவங்க எல்லாரும் இதுல வருவாங்க. நுரையீரல் குழாய்ல பழைய ரத்தக்கட்டி தங்கிப்போய் வர்ற வகையும் உண்டு. அந்த வகையில பலருக்கு ஆபரேஷன்லயே தீர்வு கிடைக்கும். அதனால வி/க்யூ ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லைன்னு உறுதி பண்ணாம விடக்கூடாது.

அத்தைக்குக் கட்டி இல்ல. இதயத்துல ஓட்டை இல்ல. வலது பக்கம் ட்யூப் விட்டு நேரடியா அளந்தப்ப சராசரி அழுத்தம் 46.

காரணத்தைக் கண்டுபிடிச்சது ஒரு சீனியர் மேடம். கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஐஸ் தண்ணியில கை வெச்சா விரல் வெளுத்துப் போகுமாம்மா?"

"ஆமாங்க. பூவை ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்தா வெள்ளையாகி அப்புறம் நீலமாயிடும். அஞ்சாறு வருஷமா இருக்கு. பூக்காரிக்கு அதெல்லாம் சகஜம்னு விட்டுட்டேன்."

ஸ்கிளீரோடெர்மா. தோலும் ரத்தக்குழாயும் இறுகிப்போற நோய். இது இருக்கிறவங்களுக்கு மூச்சு வாங்கலைன்னாலும் வருஷம் ஒரு எக்கோ எடுக்கணும். அந்த விரலை நான் எத்தனை பொங்கலுக்குப் பார்த்திருப்பேன்! அதே கையால பூ வாங்கி என் மனைவி தலையில வெச்சிருக்காங்க.

சரி, மருந்துக்கு வருவோம். நான் முக்கியமா சொல்ல வந்தது இதைத்தான்.

அத்தைக்கு எழுதின முதல் மாத்திரை சில்டெனாஃபில். 20 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை. ஆமா, அதேதான். வயாக்ரா. நெஞ்சுவலிக்குன்னு ஆராய்ச்சியில எடுத்த மருந்து, 1998ல ஆண்மைக் குறைவுக்குச் சந்தைக்கு வந்தது. ரத்தக்குழாயைத் தளர்த்துறதுதான் அதோட வேலை. அது தடுக்கிற நொதி நுரையீரல் குழாய்ல நிறைய இருக்கு. அதனால 2005ல அமெரிக்காவுல இந்த நோய்க்கும் அனுமதி கிடைச்சது. ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசம் இல்ல, குழந்தைகளுக்குக்கூட டாக்டர் கண்காணிப்புல கொடுக்கிறோம்.

இதுக்கெல்லாம் முன்னாடி நிலைமை எப்படின்னா, 1981 முதல் 1985 வரை அமெரிக்காவுல காரணம் தெரியாத வகை நோயாளிகளைப் பதிவு பண்ணினாங்க. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் அவங்கள்ல பாதிப் பேர் மூணு வருஷம்கூடத் தாண்டல.

ரெண்டு மாசத்துல அத்தை நல்லாத் தேறினாங்க. மூணாவது மாசம் திரும்பக் கால் வீக்கம், மூச்சு. மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டுறாங்க. கடைசியில என் மனைவிகிட்டதான் உண்மை வந்தது.

மாத்திரை வாங்க அவங்க பையன் கடைக்குப் போயிருக்கான். காலேஜ் படிக்கிற பையன். சீட்டைப் பார்த்துட்டுக் கடைக்காரர் சிரிச்சு, "யாருக்குத் தம்பி, உனக்கா?"ன்னு கேட்டிருக்கார். பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் சிரிச்சிருக்காங்க. "எங்கம்மாவுக்கு"ன்னு சொன்னதும் இன்னும் சிரிப்பு. பையன் வீட்டுக்கு வந்து போன்ல தேடிப் பார்த்திருக்கான். அதுக்கப்புறம் அம்மாவும் பையனும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல. மாத்திரையும் நின்னுபோச்சு. அண்ணன் மகன்கிட்ட எப்படிக் கேட்பாங்க இதை?

நான் ஒரு வழி பண்ணினேன். அப்ப ரொம்ப புத்திசாலித்தனமா தோணிச்சு. நானே மொத்தமா வாங்கி, அட்டையிலேர்ந்து பிரிச்சு, ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்தேன். "யார் கேட்டாலும் மூச்சு மாத்திரைன்னு சொல்லிடுங்க." எல்லாருக்கும் நிம்மதி. வேளை தவறாம சாப்பிட்டாங்க.

எட்டு மாசம் கழிச்சு, வெளியூர்ல ஒரு கல்யாணம். ராத்திரி அத்தைக்கு நெஞ்சு அடைப்பு. பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஈசிஜி எடுத்தா முன்பக்கம் மாறுதல். இந்த நோய்ல அப்படித்தான் இருக்கும், ஆனா பார்க்கிறவங்களுக்கு மாரடைப்பு மாதிரியே தெரியும். டியூட்டி டாக்டர் ஒழுங்காக் கேட்டிருக்கார். "வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

பையன் சொன்னான். "மூச்சு மாத்திரை சார்."

நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வெச்சாங்க. நெஞ்சுவலின்னு வந்தா நானும் அதைத்தான் வெச்சிருப்பேன்.

சில்டெனாஃபில் சாப்பிட்டவங்களுக்கு நைட்ரேட் வகை மருந்து கொடுக்கவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா ரத்தக்குழாய் மொத்தமா விரிஞ்சு பிபி கிடுகிடுன்னு இறங்கும். பத்து நிமிஷத்துல அத்தைக்கு 70/40. பையன் அழுதுகிட்டே எனக்குப் போன் பண்ணினான். போனை அந்த டாக்டர்கிட்டக் கொடுக்கச் சொல்லி மாத்திரையோட நிஜப் பேரைச் சொன்னேன். ஒரு விநாடி மௌனம். அப்புறம் அவர் மளமளன்னு வேலையைப் பார்த்தார். வாயைக் கொப்பளிக்க வெச்சு, காலை உயர்த்தி, ஊசி வழியா பிபி ஏத்துற மருந்து போட்டு, விடியக்காலையில காப்பாத்திக் கொடுத்தார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு நான் வெச்ச பேர்ல.

ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்துலேர்ந்து நெஞ்சுவலின்னு வந்த ஆம்பளைங்ககிட்ட "வயாக்ரா மாதிரி ஏதாவது போட்டீங்களா?"ன்னு காதோடு காதா கேட்டிருக்கேன். ஒரு பெண்கிட்டயும் கேட்டதில்ல. இப்ப எல்லார்கிட்டயும் கேட்கிறேன். சில அம்மாக்கள் முறைக்கிறாங்க. முறைக்கட்டும்.

அத்தை சுருக்குப்பையில இப்ப லேமினேட் பண்ணின ஒரு அட்டை இருக்கு. நோயோட பேர், சில்டெனாஃபில்னு பெரிய எழுத்துல, "சார்பிட்ரேட், நைட்ரேட் கொடுக்காதீர்கள்"னு சிவப்புல, என் நம்பர். அப்புறம் ஆம்பிரிசென்டன்னு இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது, அதுவும் அட்டையில இருக்கு. இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடற யார் வீட்டிலயாவது இருந்தா இன்னிக்கே ஒண்ணு எழுதிப் பையில வெச்சுக்குங்க. தடாலாஃபில் சாப்பிடறவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான், அது உடம்புல இன்னும் நீண்ட நேரம் இருக்கும்.

இன்னொண்ணு. இதைப் படிச்சுட்டு மூச்சு வாங்குற யாருக்கும் நீங்களா வாங்கிக் கொடுத்துடாதீங்க. இடது பக்க இதய நோயால வந்ததுன்னா இந்த மாத்திரை வேலைக்கு ஆகாது, கெடுதலும் பண்ணலாம். எந்த வகைன்னு தெரிஞ்ச அப்புறம்தான் மருந்து.

2024ல சோட்டாடெர்செப்ட்னு மூணு வாரத்துக்கு ஒரு ஊசி அமெரிக்காவுல அனுமதி வாங்கியிருக்கு. குழாய்ச் சுவர் தடிச்சுப்போறதையே குறி வைக்கிற மருந்து. நம்ம வார்டுக்கு எட்டாத விலை. சில்டெனாஃபிலும் ஒரு காலத்துல அப்படி இருந்ததுதான், இப்ப இந்திய கம்பெனிகளே குறைஞ்ச விலையில தயாரிக்கிறாங்க. பார்ப்போம்.

அத்தைக்கு இது அஞ்சாவது வருஷம். கூடை தூக்கறதில்ல. உப்பு பாதி. ஃபிரிட்ஜ்லேர்ந்து பூ எடுக்கிறது மாமா வேலை. திண்ணைக்காரங்க அத்தைக்குன்னு நாற்காலி போட்டு, கணக்கும் கல்லாவும் அவங்க பொறுப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆறு நிமிஷ நடை டெஸ்ட்ல 270 மீட்டர் நடந்தவங்க போன தடவை 390. அத்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வீட்டிலேர்ந்து கோயிலுக்கு எத்தனை இடத்துல நின்னோம்கிறதுதான் அவங்க டெஸ்ட். இப்ப ஒரு இடம். டீக்கடை.

இந்த நோய்க்குன்னு அமெரிக்காவுல இருக்கிற பெரிய நோயாளிகள் சங்கம் 1991ல ஃபுளோரிடாவுல ஒரு சமையலறை மேசையைச் சுத்தி உட்கார்ந்த நாலு பெண்கள் ஆரம்பிச்சதுதான். அத்தைகிட்ட இதைச் சொன்னப்ப, "நாங்களும் நாலு பேர்தான்"னு சிரிச்சாங்க.

போன மாசம் லால்குடி பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்தது. இருபத்தாறு வயசு, பிறவி ஓட்டையால இதே நோய். கர்ப்பம் இந்த நோய்ல உயிருக்கே ஆபத்துன்னு சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லி முடிச்சதும் மாத்திரைச் சீட்டை வெச்சுக்கிட்டு அது தயங்கி நின்னது. மாமியாருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு கவலை. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அத்தைக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் பேசினாங்க. ஸ்பீக்கர்ல இல்ல, ஆனா எங்க அத்தை குரல் உறையூர்லேர்ந்து நேராவே கேட்கும்.

"ஆமா கண்ணு, வயாக்ராதான். நானும் அதேதான் மூணு வேளையும் போடறேன். கடைக்காரன் சிரிச்சான்னா என் நம்பரைக் குடு, நான் பேசிக்கறேன்."