பின்கட்டில் ஓர் அடுப்பு

மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று பெயர் கொடுத்ததும், "சிவில் பிரிவுக்காரிதானே, மேட்டூர் அணை, பாம்பன் பாலம்னு ஏதாவது எழுதுடி" என்றார்கள் தோழிகள். நான் எழுதப் போவது 104 சதுர அடி அறை ஒன்றைப் பற்றி. அது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

எங்கள் ஊர் கண்டரமாணிக்கம். அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போவார். செட்டிநாட்டு ஊர்களின் பெயர் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அந்த ஊர்களின் பெரிய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் கூப்பிடுவது அப்பாவைப் போன்றவர்களைத்தான். ஆனால் அப்பா வரைபடத்தைப் பார்த்து வேலை செய்து நான் கண்டதில்லை. நூல் பிடிப்பார், மூலைமட்டம் வைப்பார், அம்புட்டுத்தான்.

ஊருக்கு மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் வாடகைக்கு இடம் தேடினார். கொல்லையில் ஓர் அறை, ஒரு சின்ன சமையலறை, கக்கூஸ் கட்டிவிட்டால் மாசம் ஒரு தொகை வரும், என் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று அப்பா சீட்டை எடுத்துவிட்டார். நான் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது வானம் தோண்டி, மூன்று பக்கம் கருங்கல் அஸ்திவாரமும் எழும்பியிருந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். டேப்பை எடுத்து அளந்தேன். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இரண்டே அடி.

"பிளான் அப்ரூவல் வாங்கியாச்சாப்பா?"

"கொல்லைல ஒரு ரூம் போட எதுக்குத்தா பிளான்? நம்ம எடம், நம்ம கல்லு."

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தப் பதில்தான் வரும். கிராமத்துக்கு விதி கிடையாது என்று நினைக்கிறோம். 1997-லேயே ஊராட்சிகளுக்கென்று கட்டட விதிகள் வந்துவிட்டன. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மனையின் அகலம், ரோட்டின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பார்த்துச் சொல்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம். தப்பானால் பொறுப்பும் நம் தலையில்தான். இதையெல்லாம் அப்பாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "படிக்க வச்சது இதுக்குத்தானா" என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை எங்கள் சாரிடம் மனை அளவைக் காட்டினேன். கணக்குப் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு மீட்டர் விடச் சொன்னார். அதாவது சுவர் ஒன்றரை அடி உள்ளே வர வேண்டும். கட்டிய அஸ்திவாரத்தில் ஒரு பக்கத்தைப் பெயர்க்க வேண்டும். பிறகு இன்னொன்றும் கேட்டார். "நீங்க கட்டுறது ரூமா, வீடா?"

எனக்குப் புரியவில்லை. விதியில் குடியிருப்பு அலகு என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறது. வசிக்க, சமைக்க, கழிவறைக்கு என்று தனித்தனி வசதி இருந்தால் அது தனி அலகு. வெறும் அறையாக இருந்தால் அது நம் வீட்டின் ஒரு பகுதி. அதில் அடுப்பு வைத்துக் கக்கூஸும் கட்டினால் ஒரே மனையில் இரண்டாவது வீடு. புதுக் குடும்ப அட்டைக்கும் தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இதை அப்பத்தாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டது. "இதப் படிக்கவா காரைக்குடிக்குப் போற?" என்றது. அப்பத்தா சின்ன வயசில் ஒரு செட்டியார் வீட்டில் பாத்திரம் கழுவிய மனுஷி. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் அவன் ஒரு தனிப் புள்ளி. அதே வீட்டில், வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. வேறு வைத்துவிட்டால் சமையல் தனி, வரவு செலவு தனி. கூரை ஒன்று, வாசல் ஒன்று. "ஆச்சி வீட்ல நாலு அடுப்பு எரியும். நாலும் நாலு வீடு. ஒரு அடுப்புக் கரியை இன்னொரு அடுப்புக்கு எடுத்தா நான் திட்டு வாங்கணும்" என்றது அப்பத்தா. இன்று அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் திறக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதே அடுப்புக்குத்தான் சண்டை. தனிவீட்டுப் பகுதி என்று ஒதுக்கிய இடங்களில் பல ஊர்கள் கொல்லையில் இரண்டாவது வீடு கட்ட விடவில்லை. வீட்டுப் பற்றாக்குறை முற்றியதும் கலிபோர்னியா மாநிலம் 2016 முதல் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு, ஊர்களின் கையைக் கட்டியது. 2020 முதல் 800 சதுர அடி வரை, பக்கத்திலும் பின்னாலும் நான்கு அடி விட்டுக் கட்டினால் ஊராட்சி மறுக்க முடியாது. நான்கு அடி! எங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் கூட.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே பேச்சை எடுத்தார். "ஒன்றரை அடி உள்ள தள்ளினா ரூம் என்ன ஆகும்?" பத்துக்குப் பன்னிரண்டாகப் போட்டது எட்டரைக்குப் பன்னிரண்டு ஆகும். 102 சதுர அடி. தேசிய கட்டட விதித்தொகுப்பில் ஓர் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் வேண்டும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? மாற்றிப் பார்த்தேன். 9.48. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "நாலாவது பக்கம் இன்னும் கட்டலையேத்தா. மூணு இஞ்சி நீட்டிப் போடு." 9.67 வந்தது. சமையலறை ஆறுக்கு ஒன்பது. விதிப்படி 5 வேண்டும், எங்களுக்கு 5.02. அது மட்டும் அப்பா கைக்கணக்கிலேயே தப்பித்தது.

பெயர்த்த கல்லுக்கும் கூலிக்கும் ஆன நஷ்டத்தைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வரைந்த படம் செல்லாது, பதிவு பெற்ற இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்று அதற்கு ஒரு செலவு. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை அலைய விட்டார்கள். மூன்று நாள் கூலி போனது.

கடைசியில் கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016-இலிருந்து இருக்கிறது. அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். டீச்சரும் நாங்களும் ஒரே மீட்டர் என்றால் சண்டை நிச்சயம். தனி இணைப்பு கேட்டோம். 2004-ஆம் ஆண்டு மின்பகிர்மான விதித்தொகுப்புப்படி, ஒரே கதவு எண்ணில் இரண்டாவது இணைப்பு வேண்டுமானால் இரண்டு பகுதிக்கும் நடுவே நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும். இங்கே அடுப்புக்கு மதிப்பில்லை, சுவருக்குத்தான்! அம்மா ஆசைப்பட்டு, மழையில் நனையாமல் போய்வர எங்கள் வீட்டிலிருந்து அந்த அறைக்கு ஒரு கதவு வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தோம். "நாளைக்கு ஒன் தம்பிக்குக் கல்யாணம்னா அந்த ரூமுக்கு நான் மழைல சுத்தித்தான் போகணும்" என்று அம்மா இன்றும் முணுமுணுக்கிறார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வளவு வீட்டில் யாரும் கதவை அடைக்கவில்லையே.

டீச்சருக்கு எழுத்து ஒப்பந்தம் நான்தான் எழுதினேன். இதில் விடுதி கிடைக்காமல் காரைக்குடியில் அறை எடுத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறுமாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை, குடியிருக்க எடுக்கும் இடத்துக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கோபம் வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது. வீட்டுக்காரர் மகளாக இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்று அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

போன வாரம் அப்பா போன் செய்தார். கல்லல் பக்கம் ஒரு வேலை வந்திருக்கிறதாம், பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. "பக்கத்துல எம்புட்டு விடணும்த்தா?" என்றார். மனை அகலம் என்ன, முன்னால் ரோடு எத்தனை அடி என்று கேட்டேன்.

"இரு, அளந்துட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.